பஞ்சவர்ணம் அன்றைக்கே சொன்னாள்

1992-இல் அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மாடியைக் கட்டியபோது ஜல்லியும் மணலும் சுமந்து ஏறிய மூன்று சித்தாள்களில் பஞ்சவர்ணம் ஒருத்தி. என் கணவர் ஆவடி ஃபேக்டரிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவார். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அப்படித்தான் அவளை எனக்குத் தெரியும்.

முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். செம்பரம்பாக்கம் பக்கத்தில் பிறந்தவள். அவள் அப்பனும் ஆத்தாளும் கூலிக்கு நாற்று நட்ட வயல்களில் கல் நட்டு மனை பிரித்த பிறகு அந்தப் பக்கம் வேலை இல்லாமல் போய், கல்யாணமாகி அம்பத்தூர் வந்தவள். புருஷன் தேவராஜ் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லோடு ஏற்றுகிறவன். இரண்டு பெண் குழந்தைகள். பஞ்சவர்ணத்துக்கு எழுத்து தெரியாது. எண்கள் மட்டும் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பார்த்துப் பழகியது. பாண்டு நிறையக் கலவையைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு, கொத்தனாரைத் திட்டியபடியே சாரத்தில் ஏறுவாள். அவளை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி உத்தமன், "இவ வாய மூடினா பில்டிங்கே நின்னுடும்" என்பார்.

ஆவணி மாதத்தில் எங்கள் மாடிக்குத் தளம் போட்டு முடித்தோம். அது இறுகும்வரை வேலை இல்லை. அதனால் பஞ்சவர்ணம் காலையில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கூலிக்கு ஆட்கள் நிற்கும் முனைக்குப் போனாள். ஏழு மணிக்கெல்லாம் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு முப்பது, நாற்பது பேர் அங்கே நிற்பார்கள். வேலை இருக்கிறவர்கள் வந்து ஆளை அழைத்துப் போவார்கள்.

அன்று எம்-80 வண்டியில் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு வீடு கிரகப்பிரவேசத்துக்குத் தயாராகிறது, மொசைக் தரை கழுவ ஒரே ஒரு பெண்ணாள் போதும், கூலி இரண்டு மடங்கு என்றான். பஞ்சவர்ணம் ஏறிக்கொண்டாள். ஏறும்போது வண்டி நம்பரைப் பார்த்தாள். கடைசி இரண்டு எண் அறுபத்திரண்டு. பூந்தமல்லியிலிருந்து செங்குன்றம் போகும் பஸ்ஸின் நம்பர் என்பதால் மனதில் நின்றுவிட்டது.

அக்கம்பக்கம் இல்லாத இடத்தில் பாதி கட்டிய வீடு. உள்ளே போனதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. தரையே போடவில்லை. தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. "தண்ணியே இல்லியே மேஸ்திரி, எத்த வெச்சுக் கழுவறது?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள். அதற்குள் பின்னாலிருந்து கட்டுக்கம்பி கழுத்தில் விழுந்தது.

கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவில் இடது கை விரல்களை எப்படியோ நுழைத்துவிட்டாள். அதுதான் அவளைக் காப்பாற்றியது. விரல்களில் கம்பி எலும்புவரை இறங்கியது. பத்து வருடமாகக் கல் சுமந்த உடம்பு. முட்டுக்கு நிறுத்தியிருந்த சவுக்குக் கட்டையில் காலை ஊன்றி, முழு பலத்தோடு பின்னால் சாய்ந்து அவனைச் சுவரில் மோதினாள். பிடி தளர்ந்தது. அவன் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். தூக்கு, செருப்பு, சும்மாட்டுத் துணி எல்லாம் அங்கேயே. ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் அவளை உட்காரவைத்துக் கையில் துணி சுற்றினார்கள்.

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நாட்களில் எந்த ஸ்டேஷனுக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நம்புகிறேன். சப்-இன்ஸ்பெக்டர் பக்தவத்சலம் மேஜையில் இருந்தார்.

"கழுத்துல இன்னா?"

"கம்பி சார். பின்னால வந்து போட்டு இறுக்கிட்டான். வேலைக்குன்னு சொல்லி இட்டுகினு போனவன்."

"யாரு அவன்?"

"தெரியாது சார்."

"தெரியாதவன் கூப்ட்டா வண்டில ஏறி ஒக்காந்துகினு போயிடுவியா?"

"முனைல நிக்கிறதே தெரியாதவங்க கூப்புடறதுக்குத்தான் சார்."

அங்கிருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பக்தவத்சலம், கூலித் தகராறா என்று கேட்டார். ஏற்கெனவே பழக்கமா என்று கேட்டார். புருஷனுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவள் வண்டி நம்பரைச் சொன்னாள், அவன் கையில் கடித்த இடத்தைச் சொன்னாள், வீடு இருக்கும் இடத்தைச் சொன்னாள். ஆள் அனுப்பினால் இப்போதே காட்டுகிறேன் என்றாள். வீடு ஏரிக்கு எந்தக் கரையில் என்று மட்டும் அவர் தெளிவாக விசாரித்தார். வடக்குக் கரை என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

"அது நம்ம லிமிட் இல்ல. அந்தாண்ட ஸ்டேஷனுக்குப் போ."

ரத்தம் ஒழுகும் கையோடு அந்த ஸ்டேஷனுக்கும் போனாள். அங்கே இருந்தவர், "உன்ன கூட்டிக்கினு போனது ஓ.டி.லேர்ந்துதானே? அப்போ அவங்கதான் எழுதணும்" என்றார். ஒரு ஏரி, இரண்டு ஸ்டேஷன். நடுவில் ஒரு பெண் கழுத்தில் கம்பித் தடத்தோடு நிற்கிறாள். ஒரு வரி எழுத ஆள் இல்லை.

பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் தையல் போட்டு, விபத்துப் பதிவேட்டில் நாள், நேரம், "அடையாளம் தெரியாத ஆண் கம்பியால் கழுத்தை இறுக்கியதாகச் சொல்கிறார்" என்றெல்லாம் எழுதி, வழக்கப்படி பக்தவத்சலத்தின் ஸ்டேஷனுக்கும் தகவல் சீட்டு அனுப்பினார். அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்தது. அதை வாங்கியதாகக் கையெழுத்தும் இருந்தது. அதோடு சரி.

இரண்டு நாள் கழித்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, "யக்கா, பத்து நாளிக்கு நா வரமாட்டேன்" என்று கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்டு முடித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஏன் தனியாப் போனே?" என்பதுதான். பக்தவத்சலத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான் அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அடுத்த தை மாதம் நாகவல்லி காணாமல் போனாள். எங்கள் வீட்டில் மணல் சலித்தவள் அவள். பஞ்சவர்ணத்துக்கு நெருங்கிய தோழி. முனையில் நின்றவளை யாரோ வண்டியில் அழைத்துப் போனதாகச் சொன்னார்கள். அவள் புருஷன் சின்னசாமி புகார் கொடுக்கப் போனபோது, "எவங்கூடயாவது போயிருப்பா, நாலு நாள் பாத்துட்டு வா" என்று அனுப்பினார்கள். எட்டாம் நாள் அதே அயனம்பாக்கம் ஏரியில், தெற்குக் கரையோரம் உடல் மிதந்தது.

அடையாளம் காட்டச் சின்னசாமியோடு பஞ்சவர்ணமும் போனாள். துணியை விலக்கிப் பார்த்தாள். நாகவல்லியின் கழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு. பக்தவத்சலம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பஞ்சவர்ணம் தன் ரவிக்கைக் கழுத்தை இறக்கிக் காட்டினாள்.

"சார், என் கழுத்தப் பாரு. இவ கழுத்தப் பாரு. ரெண்டும் ஒண்ணா இல்லியா, நீயே சொல்லு."

"தண்ணில எட்டு நாள் ஊறின ஒடம்பு. மீனு கடிச்சிருக்கும்."

"மீனு வட்டமா சுத்திக் கடிக்குமா சார்?"

அவளை அங்கிருந்து விரட்டினார்கள். ஆனால் பிணத்தின் கழுத்தில் ஏதோ இருக்கிறது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரும் எழுதிவிட்டதால் போலீசாருக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. அவர்கள் தேடியது எம்-80 வண்டியை அல்ல. சின்னசாமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்டாட்டி செத்த துக்கத்தில் இருந்தவனைப் பதினோரு நாள் வைத்து, அவள் மேல் சந்தேகப்பட்டு நீதான் கொன்றாய் என்று அடித்தார்கள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே விட்டபோது வலது கால் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் சாரம் ஏறவே இல்லை. வழக்கைச் சந்தேக மரணம் என்று மூடிவைத்தார்கள்.

ஸ்டேஷனை நம்பி இனிப் பயனில்லை என்று பஞ்சவர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. தினமும் ஆறரைக்கே முனைக்குப் போய் நிற்பாள். புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் கழுத்தைக் காட்டுவாள். "ஒண்டியா எவன் கூப்ட்டாலும் போவாத. ரெண்டு பேரா இட்டுகினு போறதுன்னா போ. வண்டி நம்பர்ல கடைசில அறுபத்திரண்டு இருந்தா கத்து" என்பாள். அறிமுகம் இல்லாதவன் ஆள் கேட்டு வந்தால் எதிரில் போய் நின்று எந்த வீடு, யார் கொத்தனார், கையைக் காட்டு என்று குறுக்கு விசாரணை செய்வாள். போலீஸ் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். இவளால் முனைக்கே கெட்ட பெயர் என்று சில மேஸ்திரிகள் முணுமுணுத்தார்கள். உத்தமன் மட்டும் தன் ஆட்களிடம், "அவ சொல்றத கேளுங்கடா, அவ செத்துப் பொழச்சவ" என்றார்.

அவன் அந்த முனைக்குத் திரும்ப வரவில்லை. வேறு முனைகளுக்குப் போனான். 1993 மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரி மதகின் பக்கம் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. பூந்தமல்லி முனையில் நிற்கும் சித்தாள் என்றார்கள். ஆரணிக்காரி என்று கூப்பிடுவார்களாம். பெயர் யாருக்கும் தெரியவில்லை. அது மூன்றாவது ஸ்டேஷனின் எல்லை. மறு வருடம் கண்ணம்மா என்ற பெண். அது நான்காவது ஸ்டேஷன். அங்கே நீரில் மூழ்கிச் சாவு என்று எழுதி, பிரேதப் பரிசோதனைகூட இல்லாமல் உடனே எரித்துவிட்டார்கள். நான்கு ஸ்டேஷன்களில் இருந்த காகிதங்களை யாராவது ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். அதற்கு அறிவியல் தேவையில்லை, கைரேகை நிபுணர் தேவையில்லை. செத்தவர்களும் மனிதர்கள் என்ற நினைப்பு இருந்தால் போதும். சித்தாள் செத்தால் யார் கேட்பது?

1995-இல் காஞ்சிபுரம் சாலையில் வண்டிச் சோதனையில் ஒருவன் மாட்டினான். திருட்டு வண்டி வைத்திருந்தான் என்றுதான் பிடித்தார்கள். பெயர் நாகேந்திரன். எப்போதோ சென்ட்ரிங் வேலை பார்த்தவன். வேறு திருட்டுப் பொருள் கிடைக்குமா என்று அவன் அறையைச் சோதித்தபோது பரண் மேல் ஒரு சாக்கு இருந்தது. அதற்குள் ஆறு சாப்பாட்டுத் தூக்குகள். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டே. ஐந்தில் பெயர் வெட்டியிருந்தது. ஒன்றில் நாகவல்லி. ஒன்றில் கண்ணம்மா.

மறுநாள் பேப்பரில், போலீசாரின் தீவிர விசாரணையில் கொலைகாரன் சிக்கினான் என்று போட்டோவோடு செய்தி வந்தது. போட்டோவில் பின்வரிசையில் பக்தவத்சலமும் நின்றிருந்தார்.

மூன்றாம் நாள் காலை ஒரு ஜீப் மேனாம்பேட்டுக்கு வந்து பஞ்சவர்ணத்தின் வீட்டு வாசலில் நின்றது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இறங்கியவர் இன்ஸ்பெக்டர் இராமகிருஷ்ணன். வழக்கை விசாரிக்கப் புதிதாகப் போட்டவர். கையில் ஒரு தூக்கு. தேவராஜ் பட்டறைத் தீபாவளி போனஸில் வாங்கி, "தே. பஞ்சவர்ணம், மேனாம்பேடு" என்று பெயர் வெட்டிக் கொடுத்த தூக்கு.

"யம்மா, இந்த ஊட்ல பஞ்சவர்ணம்னு ஒருத்தி இருந்தாளா? எந்த வருசம் காணாமப் போனா?" என்று கேட்டார்.

பஞ்சவர்ணம் அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான் பஞ்சவர்ணம். உயிரோடதான் கீறேன்."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவரிடம் இருந்த பட்டியலில் அவள் செத்தவர்களில் ஒருத்தி. அவள் ஸ்டேஷனுக்குப் போனதற்கு எங்கும் ஒரு எழுத்து இல்லையே! ஜீப்புக்குப் பக்கத்தில் பக்தவத்சலம் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவள் அவரை நோக்கிக் கையை நீட்டினாள். மடங்காத இரண்டு விரல்கள் இருந்த கை.

"அவுரக் கேளு. மூணு வருசம் முன்னாடியே அவுராண்ட சொன்னேன். வண்டி நம்பர் சொன்னேன், ஊடு சொன்னேன், அவன் மூஞ்சிய சொன்னேன். அன்னிக்கே போயிருந்தா நாகவல்லி இன்னிக்கு கஞ்சி குடிச்சிகினு இருப்பா."

தெருவே கூடிவிட்டது. ஸ்டேஷனில் பேசிக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் அவளை அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன்.

அங்கே ஒரு ரைட்டர் அவள் பெயரில் புகார் எழுதினார். ரேகை வைப்பதற்கு முன், "யக்கா, இன்னா எழுதிகிறாங்க, படி" என்றாள். படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில், "மானத்துக்குப் பயந்து இதுநாள்வரை யாரிடமும் புகார் சொல்லவில்லை" என்று இருந்தது.

"இது பொய்யாச்சே" என்றாள்.

இராமகிருஷ்ணன் நிதானமாகப் பேசினார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். "பாரும்மா, அன்னிக்கே வந்தேன்னு எழுதினா, புகார் எங்கன்னு ஜட்ஜு கேப்பாரு. எங்ககிட்ட இல்ல. அவன் வக்கீலு நீ சொல்றது மொத்தமும் பொய்னுடுவான். அவன் வெளில வந்துடுவான். உனக்கு அவன் உள்ள போவணுமா, பக்தவத்சலம் வேலை போவணுமா?"

"ரெண்டும் போவட்டும் சார். மானத்துக்குப் பயந்தேன்னு எழுதாத. நா பயப்படல. கழுத்துல ரத்தத்தோட உன் பெஞ்சில ஒக்காந்து இருந்தேன். தேதிய எழுது, ரேகை வெக்கிறேன்."

எழுதவில்லை. அவளும் ரேகை வைக்கவில்லை. கிடைத்த தூக்குகளை வைத்துப் போலீசே வழக்குப் பதிந்து, பஞ்சவர்ணத்தைச் சாட்சியாகச் சேர்த்தது. சாட்சி சொன்னதாக அவர்களே எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்துக்கு ரேகை தேவையில்லை. அதில் மானத்துக்குப் பயந்த கதை அப்படியே இருந்தது.

1997-இல் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. பஞ்சவர்ணம் கூண்டில் ஏறி நாகேந்திரனை அடையாளம் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே அவள் கடித்த தழும்பு இன்னும் இருந்தது. அவனுடைய வக்கீல் எழுந்தார்.

"மூணு வருஷமா வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாம இருந்தீங்கன்னு போலீஸ்கிட்ட சொல்லியிருக்கீங்க. இவ்வளவு நாள் கழிச்சு முகம் மட்டும் எப்படி ஞாபகம் வந்தது?"

"நா அப்டி சொல்லவே இல்லிங்க" என்றாள். ஜட்ஜைப் பார்த்துத் திரும்பினாள். "ஐயா, நா அன்னிக்கே போனேன். ரெண்டு ஸ்டேஷன். தோ ஒக்காந்துகினு கீறாரே, அவுருதான் லிமிட் இல்லன்னு அனுப்பினாரு. நா பொய் சொல்றேன்னா, கைக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரில கேளுங்க. அந்த டாக்டரு எழுதினாரு, நா பாத்துகினு இருந்தேன்."

அரசு வக்கீல் அவளை உட்காரச் சொன்னார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைக் கொண்டுவர உத்தரவு போட்டார். பத்து நாளில் அது வந்தது. 1992 ஆகஸ்ட் மாதத் தேதி, நேரம், கழுத்துக் காயம், கம்பி. கூடவே ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பிய குறிப்பு, அதை வாங்கியவரின் கையெழுத்து. அவள் சொன்னதைப் பொய்யாக்கப் பார்த்த வக்கீலுக்கு அதற்குப் பிறகு கேள்வி இல்லை. அவளைப் பொய் சொல்லச் சொன்ன போலீசுக்குத் தலை நிமிரவில்லை.

நாகவல்லியைக் கொன்றதற்கு ஆயுள் தண்டனை, பஞ்சவர்ணத்தைக் கொல்ல முயன்றதற்குப் பத்து வருடம் என்று தீர்ப்பு வந்தது. கண்ணம்மா வழக்கில் அவன் விடுதலை. எப்படிச் செத்தாள் என்று காட்ட உடலும் இல்லை, அறிக்கையும் இல்லை, எரித்தது போலீஸ். ஆரணிக்காரிக்கு வழக்கே இல்லை. பெயர் வெட்டாத ஆறாவது தூக்கு அவளுடையதாக இருக்கலாம். பக்தவத்சலத்தைக் கண்டித்து ஜட்ஜ் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இலாகா விசாரணை நடந்து ஒரு இன்கிரிமென்டை நிறுத்தினார்கள். மறு வருடமே அவர் இன்ஸ்பெக்டராகி வேறு ஊருக்குப் போனார். சின்னசாமியின் காலுக்காக யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

இன்னும் இரண்டு தூக்குகள் மிச்சம். ஒன்றில் ஜெகதாம்பாள் என்று இருந்தது, ஒன்றில் வரலட்சுமி. யார் என்று போலீஸ் தேடவில்லை; குற்றவாளிதான் உள்ளே போய்விட்டானே! பஞ்சவர்ணம் தேடினாள். வேலையில்லாத நாட்களில் ஆவடி, பூந்தமல்லி, பட்டாபிராம் என்று ஒவ்வொரு முனையாகப் போய், இந்தப் பெயரில் யாராவது இருந்தார்களா என்று கேட்டாள். கேட்டால் தெரிந்துவிடும் விஷயம்தான். 1999-இல் பட்டாபிராமில் ஒரு கிழவர், ஜெகதாம்பாள் என்று ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், ஒன்பது வருடம் முன்பு ஓடிப்போய்விட்டாள், மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள் என்றார்.

அன்று நானும் உடன் இருந்தேன். மகளுக்கு இருபது வயது இருக்கும், இடுப்பில் குழந்தை. அம்மா பெயரைச் சொன்னதும் முகம் சுருங்கியது. "அவளப் பத்தி இந்த ஊட்ல பேசாதீங்க. எவனோடயோ ஓடிட்டவ. எங்கப்பா புகார் குடுக்கப் போனப்போ போலீஸே அப்டித்தான் சொல்லி அனுப்பிச்சு" என்றாள்.

பஞ்சவர்ணம் வாசல்படியில் உட்கார்ந்தாள். "ஓடலமா. உங்கம்மா வேலைக்குத்தான் போனா" என்று ஆரம்பித்து, கழுத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. கோர்ட்டில் தான் பார்த்த தூக்கின் வளையம் ஒருபக்கம் நெளிந்து, செம்புக்கம்பி சுற்றியிருந்தது என்று பஞ்சவர்ணம் சொன்னபோதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடம் பெற்றவளைச் சபித்தேனே என்று அவள் அழுததை என்னால் எழுத முடியாது. அந்தச் சாபத்தை அவள் வாயில் போட்டவர்கள் யார் என்று மட்டும் எழுதுகிறேன்: புகாரை வாங்க மறுத்து, ஓடிப்போயிருப்பாள் என்று சொல்லி அனுப்பியவர்கள்.

வரலட்சுமி யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பஞ்சவர்ணம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.